பத்து நிமிட ஈரம்

எந்த ஆன்டிபயாடிக்குக்கும் சாகாத கிருமி, பெட்டைத் துடைக்கிற ஹைப்போ என்கிற குளோரின் திரவத்துக்கு மட்டும் செத்துவிடுமா? பெரியப்பாவின் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்த அன்று அண்ணன் கேட்ட கேள்வி இது. பதிலுக்காகக் கேட்கவில்லை, ஆற்றாமையில் கேட்டான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷனுக்குச் சேர்த்தவருக்கு ஐசியுவில் நிமோனியா வந்திருந்தது. ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா என்று போட்டு, அதற்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு பதினைந்து மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆர்’, ‘ஆர்’, ‘ஆர்’. ரெசிஸ்டன்ட். கொலிஸ்டின் ஒன்றுதான் மிச்சம் என்றார் டாக்டர், அதுவும் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். “லட்ச ரூவா மருந்துக்கே அடங்கலையாம். இவங்க பாட்டில்ல வச்சுப் பீச்சுற தண்ணிக்கா அடங்கப் போகுது?” என்றான் அண்ணன்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது: சாகும். சந்தேகமே வேண்டாம், சாகும். ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன பிறகுதான் தொல்லை தொடங்கியது. சாகும் என்றால், பிறகு அது எப்படி ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகிறது? விலை மலிவான, நூறு ஆண்டுக்கு மேல் பழக்கமான ஒரு திரவம் கொன்றுபோடக்கூடிய கிருமி, குளிரூட்டிய ஐசியுவுக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? பெரியப்பா மெதுவாகத் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இன்றும் யாராவது “ரெசிஸ்டன்ட் கிருமி, அதை ஒண்ணும் பண்ண முடியாது” என்று பேச்சை முடிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஒன்றும் செய்ய முடியாது என்ற இடத்துக்கு நாம் இன்னும் வந்துசேரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரியப்பாவுக்கு அந்தக் கிருமி அந்த மருத்துவமனையில்தான் தொற்றியது என்று நான் சொல்லவில்லை. கிளெப்சியெல்லா குடலில் சாதாரணமாக வாழ்வது. அவர் உடம்பிலேயே ஏற்கெனவே இருந்து, வென்டிலேட்டர் குழாய் போட்டதும் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் பேசவந்தது அந்த ஒரு தொற்றைப் பற்றி அல்ல.

குளோரின் குறி பார்ப்பதில்லை

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவுக்குள் ஏதாவது ஒரு குறிப்பிட்ட உறுப்பைத் தேடிப் போய்ப் பிடிக்கிற மூலக்கூறு. மெரோபெனம் செல் சுவரைக் கட்டுகிற நொதியில் போய் ஒட்டிக்கொள்ளும். சிப்ரோஃப்ளாக்ஸசின் டிஎன்ஏவை முறுக்கி அவிழ்க்கிற நொதியைப் பிடிக்கும். மனித உடம்புக்குள் போகிற மருந்து என்பதால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். நம் செல்களைத் தொடாமல் கிருமியை மட்டும் தொட வேண்டும். அந்த நுணுக்கம்தான் அதன் பலவீனமும். அந்த ஒரு நொதியின் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டாலோ, மருந்தை வெட்டிப்போட ஒரு கத்தரியைத் தயாரித்துக்கொண்டாலோ பாக்டீரியா தப்பித்துவிடும். ‘நியூ டெல்லி’ என்ற பெயரைத் தாங்கிய என்டிஎம்-1 நொதி அப்படி ஒரு கத்தரி. 2010-இல் ‘லான்செட்’ தொற்றுநோய் இதழில் அது பற்றி வந்த பெரிய கட்டுரையில், சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகளில் அந்த நொதியைக் கண்டதாக எழுதியிருந்தார்கள். முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் டெல்லி இருக்கலாமா கூடாதா என்று நடந்த சண்டையெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும், அதற்குள் போக வேண்டாம்.

ஹைப்போ வேறு ஜாதி. சோடியம் ஹைப்போகுளோரைட் தண்ணீரில் கலந்ததும் கொஞ்சம் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. மின்சுமை இல்லாத சின்ன மூலக்கூறு, செல்லுக்குள் எளிதாக நுழையும். நுழைந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும்: புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகள், செல் சவ்வு, டிஎன்ஏ, ஆற்றல் தயாரிக்கும் நொதிகள் எல்லாவற்றையும். இதற்கென்று ஒரு குறி கிடையாது. வீடு பற்றி எரியும்போது வாசல் பூட்டை மாற்றி வைத்திருந்து என்ன பயன்? மெரோபெனத்தை வெட்டும் கத்தரி குளோரினுக்கு முன்னால் வெறும் இன்னொரு புரதம், அதுவும் சேர்ந்து கருகும். 70 சதவீத ஆல்கஹாலும் இப்படித்தான். புரதங்களைக் குலைத்து, சவ்வைக் கரைத்துவிடும். சுத்தமான ஆல்கஹாலைவிட 30 சதவீதம் தண்ணீர் கலந்தது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம், புரதம் குலைவதற்குத் தண்ணீர் தேவை என்பதுதான்.

ஆகவே, மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸான எம்ஆர்எஸ்ஏ ஆனாலும் சாதாரண ஸ்டஃபைலோகாக்கஸ் ஆனாலும், மெரோபெனம் வகையான கார்பபெனம் மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா ஆனாலும் அடங்கியது ஆனாலும், சரியான செறிவில், சரியான நேரம் கொடுத்தால் ஹைப்போவுக்கு எல்லாம் ஒன்றுதான். கிருமிநாசினியைத் தாங்குகிற சக்தி என்று பார்த்தால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வித்துக்கள்தான் பெரிய ஆள். ஆல்கஹால் அவற்றை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அந்தத் தொற்று உள்ள நோயாளியைத் தொட்ட பிறகு கைக்கு ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். மருந்துக்கு அடங்காதது வேறு, கிருமிநாசினிக்கு அடங்காதது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போது கையில் இருக்கும் ஆயுதத்தை நாமே கீழே போடுகிறோம்.

1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மகப்பேறு மருத்துவர், மற்ற டாக்டர்களை குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னபோது ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே கிடையாது. அந்தப் பிரசவ வார்டில் ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூலையில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதே குளோரின்தான் இன்றும்.

உறுத்துகிற விதிவிலக்குகள்

இங்கேயே முடித்துவிட்டால் என் கட்சி வலுவாக இருக்கும். ஆனால் படிக்கப் படிக்கச் சில விஷயங்கள் உறுத்தின, அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது.

ரியோ டி ஜெனிரோவில் 2006 ஆகஸ்டிலிருந்து 2007 ஜூலைக்குள், லேப்ராஸ்கோப்பி மாதிரியான கேமரா அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் காயத்தில் தொற்று வரத் தொடங்கியது. 63 மருத்துவமனைகள், சந்தேகத்துக்குரியவர்கள் 1,051 பேர். கருவிகளை 2 சதவீத குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் ஊறவைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். தொற்றுக்குக் காரணமான மைக்கோபேக்டீரியம் என்ற பாக்டீரியா அந்த 2 சதவீதத்தைத் தாங்கிக்கொண்டது. நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்கள் பலவற்றிலும் காலங்காலமாக ஸ்கோப்புகளை ஊறவைத்தது அதே திரவத்தில்தான். படித்தபோது கொஞ்சம் கலங்கிப் போனேன்.

மெல்போர்ன் ஆய்வு வேறு மாதிரி. அங்கே இரண்டு மருத்துவமனைகளில் 1997-லிருந்து 2015 வரை சேமித்துவைத்திருந்த என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற குடல் பாக்டீரியாவின் 139 மாதிரிகளை எடுத்து ஆல்கஹாலில் சோதித்தார்கள். 2010-க்குப் பிறகு எடுத்தவை, 2004-க்கு முன் எடுத்தவற்றைவிடச் சராசரியாகப் பத்து மடங்கு தாக்குப்பிடித்தன. கைக்கு ஆல்கஹால் தேய்க்கும் பழக்கம் அங்கே பரவிய காலமும் அதுதான். சோதனையில் பயன்படுத்தியது 23 சதவீத ஐசோபுரொப்பனால். நாம் கையில் தேய்ப்பது 70 சதவீதம் அளவில் என்பதால் முதலில் நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. எலிக்கூண்டின் தரையில் கிருமியைப் பூசி, 70 சதவீத ஐசோபுரொப்பனால் கொண்டு துடைத்து, பிறகு எலிகளை விட்டுப் பார்த்தார்கள். தாக்குப்பிடிக்கும் வகைதான் எலியின் குடலுக்குள் அதிகம் குடியேறியது. 2018-இல் வெளியான ஆய்வு இது. கை தேய்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஜெனீவாவில் டிடியே பித்தே என்ற டாக்டரின் குழு ஆல்கஹாலைக் கட்டிலுக்குக் கட்டில் வைத்துப் பிரசாரம் செய்தபோது, மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியதை 2000-த்திலேயே பார்த்தாயிற்று. அந்த லாபம் மிகப் பெரியது.

என்னை எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்கவைத்தது குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி. கை கழுவ, ஆபரேஷனுக்கு முன் தோலைத் துடைக்க, வென்டிலேட்டரில் இருப்பவர் வாயைச் சுத்தம்செய்ய, எல்லாவற்றுக்கும் அது. ஸ்டஃபைலோகாக்கஸில் ‘க்யூஏசி’ என்ற மரபணுக்கள் அதை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளை உண்டாக்குகின்றன. பாட்டிலில் இருக்கும் 2 சதவீதம், 4 சதவீதம் அந்தப் பம்புகளைத் தோற்கடித்துவிடும். ஆனால் பாட்டிலில் இருக்கும் செறிவு தோலிலும் சிங்க் குழாயிலும் நாள் முழுக்க அப்படியே இருப்பதில்லை. கழுவக் கழுவ நீர்த்துப்போய், கிருமியைக் கொல்லாமல் சீண்டிவிடுகிற அளவுக்கு இறங்கிவிடும். பிரிட்டனில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு கிளெப்சியெல்லா வகைகளை குளோர்ஹெக்சிடினுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார்கள்; அவற்றில் ஐந்து, கொலிஸ்டினுக்கும் அடங்காதவையாக மாறின. பெரியப்பாவுக்கு மிச்சமிருந்த அந்த ஒரே மருந்து.

இந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தால் பொதுவாக ஒன்று தெரிகிறது. முழுச் செறிவையும் தாங்கியவை உண்டு; ஆனால் எதிர்ப்பு உருவாக வாய்ப்புக் கிடைப்பது பெரும்பாலும் ஓரங்களில்: செறிவு குறைந்த இடத்தில், கரைசல் பழசான இடத்தில், கறைக்கு அடியில், நேரம் போதாத இடத்தில். அரைகுறையாகக் கொல்வதுதான் ஆபத்து.

காலியான கட்டில்

பெரியப்பா ஐசியுவில் இருந்தபோது அவருக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு பிற்பகலில் காலியானது. பார்வையாளர் நேரம் என்பதால் நான் உள்ளே இருந்தேன். நீல யூனிஃபார்ம் போட்ட ஒரு அக்கா ஸ்ப்ரே பாட்டிலும் துணியுமாக வந்தார். மெத்தையில் பீச்சினார், ஈரம் பளபளப்பதற்குள் துடைத்துவிட்டார். பக்கக் கம்பி ஒன்றில் ஒரு இழுப்பு. மானிட்டர் பொத்தான்களைத் தொடவில்லை, ஊசி மருந்து பம்பைத் தொடவில்லை, சலைன் ஸ்டாண்டைத் தொடவில்லை, திரைச்சீலையின் ஓரம் அப்படியே. துடைத்த துணியை அலசாமலேயே அடுத்த மேசைக்குப் போனார். அதற்குள் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டுவிட்டார். கதவுக்கு வெளியே எமர்ஜென்சியிலிருந்து வந்த ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. மூக்கில் குழாயோடு ஒரு பெரியவர், அவர் கால்மாட்டில் எக்ஸ்ரே கவர். உள்ளே கொண்டுவந்து அந்தக் கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

எனக்கு அந்த அக்கா மேல் கோபம் வரவில்லை. அவர் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது, அது அவர் கையில் இல்லை. வெளியே படிக்கட்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன். கான்ட்ராக்ட் ஆள். ஐசியுவோடு சேர்த்து ஸ்டெப்-டவுன் வார்டு, இரண்டு காரிடார், டாய்லெட் எல்லாம் அவர் தலையில். ஹைப்போவை எப்படிக் கலப்பீர்கள் என்று கேட்டேன். “மூடியில ஊத்துவோம் சார். பக்கெட்டு சின்னதுன்னா ரெண்டு மூடி, பெருசுன்னா நாலு. வாசம் தூக்கலா வந்தா சரியா இருக்குன்னு அர்த்தம்.” காலையில் கலந்ததுதான் ராத்திரி ஷிப்ட் வரைக்கும். கேன் மொட்டை மாடிப் படியருகே வெயிலில் இருக்கும். துடைத்ததும் ஏன் உடனே உலர்த்துகிறீர்கள் என்று கேட்டபோது, கேள்வியே புரியாதவர் போலப் பார்த்தார். “ஈரமா இருந்தா பேஷண்ட படுக்க வைக்க முடியாதுல்ல?”

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. நான் இத்தனை நாள் ரசாயனத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா சொன்ன ஒவ்வொன்றும் நான் வகுப்பில் நடத்துகிற பாடம். ஹைப்போ வெயிலில் சிதையும், சூட்டில் சிதையும். எங்கள் ஆய்வகத்தில் தயோசல்ஃபேட் போட்டு டைட்ரேஷன் செய்யும் மாணவர்கள், ஜன்னலோரம் வைத்த பாட்டிலில் குளோரின் கணிசமாகக் குறைந்திருப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறார்கள். சரியாக மூடாத பிளீச்சிங் பவுடர் டப்பாவும் அப்படியே. ரத்தம், சளி, மலம் எதுவானாலும், அதிலுள்ள புரதத்தோடு குளோரின் முதலில் வினைபுரிந்து தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால்தான் முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு ஹைப்போ. அதற்கப்புறம் ஈரம் நிற்க வேண்டும். சாதாரணப் பரப்புக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு குளோரின்), ரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதம், அதாவது 10,000 பிபிஎம், ஏறத்தாழப் பத்து நிமிடம். பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டிய இடத்தில் பத்து நொடி நின்றால் அது கிருமிநாசினி வேலை இல்லை, தூசி தட்டுகிற வேலை.

இந்தக் கிருமிகள் காத்திருக்கத் தெரிந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசினெட்டோபேக்டர் காய்ந்த பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 2012-இல் சிட்னி ஆய்வாளர்கள் ஓர் ஐசியுவில், முழுச் சுத்தம் செய்து முடித்த பிறகு பரப்புகளை வெட்டியெடுத்துப் பார்த்தபோது, காய்ந்த பிசின் போன்ற படலத்துக்குள் பலமருந்து எதிர்ப்புக் கிருமிகள் உயிரோடு இருந்தன. அந்தப் படலத்தைக் கிருமிநாசினி தெளித்து அழிக்க முடியாது. தேய்க்க வேண்டும். கை வலிக்கத் தேய்க்க வேண்டும். கூலிக்கு வந்த ஒருவர் தன் தோளை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

கண்ணுக்குத் தெரியாத மை

பிறகு ஒரு நாள், தெரிந்தவர் மூலமாக வேறொரு மருத்துவமனையின் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸைச் சந்தித்தேன். இருபது வருடத்துக்கு மேல் அனுபவமுள்ளவர். என் கேள்வியைக் கேட்டதும், “சார், ஹைப்போ சரியாத்தான் இருக்கு. ஹைப்போ போய்ச் சேர மாட்டேங்குது, அதுதான் பிரச்சினை” என்றார். தன் பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் காட்டினார். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜெல். புற ஊதா டார்ச் அடித்தால் ஒளிரும். கட்டில் கம்பி, காலிங் பெல், மானிட்டர் பொத்தான், கதவுப் பிடி என்று ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் அளவு ஒரு பொட்டு வைத்துவிடுவார். சுத்தம் முடிந்த பிறகு டார்ச் அடிப்பார். துடைத்த இடத்தில் பொட்டு இருக்காது.

இதே முறையை அமெரிக்காவில் பிலிப் கார்லிங் என்ற டாக்டர் 36 மருத்துவமனைகளில் செய்துபார்த்திருக்கிறார், 2008-இல் வெளிவந்தது. துடைக்க வேண்டியவற்றில் உண்மையில் துடைக்கப்பட்டவை 48 சதவீதம்தான். பணமும் விதிமுறையும் நிறைந்த இடத்தில் பாதிகூட இல்லை. அவர்கள் ரசாயனத்தை மாற்றவில்லை. ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்த முடிவை அவர்களிடமே காட்டினார்கள். 77 சதவீதத்துக்கு ஏறியது. நான் பார்த்தவரை இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த எண் இதுதான். இரவோடு இரவாகப் புதிய ஆன்டிபயாடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு கதவுப் பிடியைத் துடைக்க முடியும்.

சிஸ்டர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். டார்ச் முடிவைத் தண்டனைக்குப் பயன்படுத்தினால் எல்லாம் பாழ். முதல் வாரமே சூப்பர்வைசர் ஒரு பெண்ணுக்குச் சம்பளம் பிடித்துவிட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து அந்த வார்டில் எல்லாரும் பொட்டு எங்கே இருக்கும் என்று ஊகித்து அங்கே மட்டும் தேய்த்தார்கள். அவர் நிர்வாகத்திடம் சண்டை போட்டு அந்தச் சம்பளத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்த பிறகுதான் வேலை நேரானது.

நம் அரசு மருத்துவமனைகளில் 2015-இல் மருத்துவமனைத் தூய்மைக்கான காயகல்ப் திட்டம் வந்த பிறகு மூன்று வாளி முறை, கலக்கும் அளவுப் பட்டியல் எல்லாம் சுவரில் ஏறியிருக்கின்றன. நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். தனியார் இடங்களிலோ புற ஊதா விளக்கு ரோபோ, இறக்குமதி ஸ்ப்ரே என்று பணம் போகிறது. விளக்கு உதவாது என்றில்லை, துடைத்து முடித்த அறையில் கூடுதலாக உதவும். ஆனால் சுவரில் இருக்கும் பட்டியலிலும் சரி, ரோபோவின் விலைப்பட்டியலிலும் சரி, ஒரு கட்டில் காலியாகி அடுத்தவர் வருவதற்குள் எத்தனை நிமிடம் என்ற வரி இல்லை. அந்த நிமிடங்களை யாராவது ஒருவர் அதிகாரத்தோடு எழுதிவைக்க வேண்டும். பெட் மேனேஜர் எமர்ஜென்சியிலிருந்து எத்தனை முறை போன் செய்தாலும், சுத்தம் முடிந்தது என்று நர்ஸ் கையெழுத்துப் போடாத கட்டிலுக்கு ஸ்ட்ரெச்சர் நகரக்கூடாது. ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டைத் தரையின் சதுர அடிக்குப் போடாமல் கட்டில் கணக்குக்குப் போட வேண்டும். ஐசியு கட்டிலுக்குத் தனிக் கணக்கு. மூடியை எடுத்துவிட்டு அளவு ஜாடி கொடுக்க வேண்டும், கேனை நிழலுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி இரண்டுக்கும் செலவு சில நூறு ரூபாய்.

இதையெல்லாம் ஒரு கடிதமாக எழுதி, பெரியப்பா இருந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அனுப்பும் முன் சிஸ்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: ஐசியுவுக்கென்று ஒரு துப்புரவு ஆளை நிரந்தரமாகப் போட வேண்டும், அவரை வேறு வார்டுக்கு இழுக்கக்கூடாது. “மூணு மாசம் பழகி, எந்த பம்புக்கு எந்த ஓரத்துல கறை தங்கும்னு அவங்களுக்குத் தெரியுற நேரத்துலதான் சார் வேற பிளாக்குக்கு மாத்திடுறாங்க” என்றார். அந்த வரியைக் கடிதத்தில் முதலாவதாக வைத்தேன்.